இன்வொல்வுலுஸ்: இலைக்குள் தன்னைச் சுற்றிக்கொள்ளும் புழுவின் இலத்தீன் பெயரைப் பொருள் காண ஒரு முழுமையான வழிகாட்டி

இலத்தீன் அகராதி ஒன்றில் ‘இன்வொல்வுலுஸ்’ என்னும் சொல்லைத் தேடிப் பார்ப்பவருக்கு, ‘இலைகளில் தன்னைச் சுற்றிக்கொள்ளும் புழு’ என்னும் அரை வரி விளக்கமும், பிளாட்டஸ் என்னும் உரோம நாடகாசிரியரின் பெயரும் கிடைக்கும். பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. அந்த அரை வரி பிழையானது அன்று. ஆயினும் அதை மட்டும் நம்பி ஒரு சொல்லைத் தமிழில் பெயர்ப்பவர் மூன்று இடங்களில் தடுக்கி விழுவார்: சொல்லின் ஈற்றைக் குறுமைப்பொருள் விகுதி, அதாவது ‘சிறியது’ என்று காட்டும் விகுதி என்று கொள்வார், நெல் வயலில் நாம் காணும் இலைச்சுருட்டுப் புழுவே இது என்று எழுதிவிடுவார், இன்றைய விலங்கியலில் அதே பெயரைத் தாங்கி நிற்கும் வேறொரு பூச்சியை உரோமர்களின் தலையில் ஏற்றிவிடுவார். முதல் இரண்டு பிழைகளையும் நானே செய்திருக்கிறேன் என்பதால், ஒரு சிறு சொல்லுக்கு இத்தனை படிகள் எதற்கு என்று கேட்போருக்கு என்னால் விடை சொல்ல முடியும். இலத்தீன் அறியாதவரும் பின்பற்றக்கூடிய வகையில் இங்கே படிகளை அமைத்திருக்கிறேன்.

முதற்படி: சொல்லைச் சரியாக ஒலித்து, இரண்டு எழுத்து வடிவங்களிலும் தேடுக

செவ்வியல் இலத்தீனில் வகர ஒலி, இதழ்களைக் குவித்துச் சொல்லும் மென்மையான வகரம்; மேற்பல்லால் கீழுதட்டை அழுத்திச் சொல்லும் ஐரோப்பிய வகரம் பிற்காலத்தது. ஆகவே நம் வாயில் இயல்பாக வரும் வகரமே இதற்குப் போதும். அழுத்தம் இரண்டாம் அசையாகிய ‘வொல்’ என்பதில் விழ வேண்டும்; ஈற்றயல் அசை குறிலாக இருப்பதால் அழுத்தம் அதற்கு முந்தைய அசைக்குச் செல்கிறது.

பிளாட்டஸின் பதிப்புகளில் இச்சொல் ‘இன்வொல்வொலுஸ்’ என்று ஒகரத்தோடு அச்சாகியிருக்கும். பழைய இலத்தீனில் வகரத்தை அடுத்து உகரம் வருவதில்லை, ஒகரமே வரும் என்பதே காரணம். பிற்காலத்தில் ‘ஸெர்வுஸ்’ என்று எழுதப்பட்ட ‘அடிமை’ என்னும் சொல்லும் அக்காலத்தில் ‘ஸெர்வொஸ்’ என்றுதான் இருந்தது. அகராதிகள் பிற்கால வடிவத்தைத் தலைச்சொல்லாகக் கொள்வது வழக்கம். மூலநூற் பதிப்புகளோ முந்தைய வடிவத்தைக் காக்கும். ஒரு வடிவத்தில் மட்டும் தேடிவிட்டுச் சொல் இல்லை என்று முடிவு செய்தல் கூடாது. பழைய அகராதிகள் நாடகத்தை அங்கம், காட்சி என்று எண்ணியும், இன்றைய பதிப்புகள் முதலிலிருந்து இறுதிவரை தொடர் வரியெண் இட்டும் குறிப்பதால், ஒரே வரிக்கு இரண்டு முகவரிகள் இருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: சொல்லைப் பகுதி, விகுதியாகப் பிரிக்க

இந்தப் படியில் நின்று நிதானிக்க வேண்டும். சொல்லின் முன்னொட்டு ‘இன்’; அதற்கு இங்கே ‘உள்ளே, உள்நோக்கி’ என்று பொருள். நடுவில் நிற்பது ‘வொல்வ்’ என்னும் வினைப்பகுதி. ‘உருட்டு, சுழற்று, சுருட்டு’ என்பன அதன் பொருள்கள். தன்மை ஒருமையில் அவ்வினை ‘வொல்வோ’, அதாவது ‘நான் உருட்டுகிறேன்’ என்றாகும். சுவீடன் நாட்டு வண்டி நிறுவனத்தின் பெயர் இதுவேதான். சுருட்டி வைக்கப்பட்ட பாப்பிரஸ் ஏட்டுக்கு உரோமர்கள் இட்ட ‘வொலூமென்’ என்னும் பெயரும், பொதிந்து மூடும் உறைக்கு இட்ட ‘இன்வொலூக்ரும்’ என்னும் பெயரும் இதே பகுதியிலிருந்து பிறந்தவையே.

இறுதியில் நிற்கும் ‘உலுஸ்’ என்னும் விகுதியில்தான் சிக்கல் இருக்கிறது. இலத்தீனைச் சிறிது பயின்றவர்கள் அனைவரும் ‘உலுஸ்’ என்றால் சிறியது என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். தோட்டம் ‘ஹொர்துஸ்’, சிறுதோட்டம் ‘ஹொர்துலுஸ்’; ஓடை ‘ரீவுஸ்’, சிற்றோடை ‘ரீவுலுஸ்’. இந்தப் பழக்கத்தில் இன்வொல்வுலுஸ் என்பதைச் ‘சிறுசுருள்’ என்றோ ‘சுருட்டுக்குட்டி’ என்றோ எழுதத் தோன்றும். நான் முதலில் எழுதியதும் அப்படித்தான்.

ஆனால் இதே ஈறு வினைப்பகுதியோடு சேரும்போது அதன் தொழில் முற்றிலும் வேறாகிறது. அங்கே அது சிறுமையைச் சொல்லாது. அந்தச் செயலை ஓயாமல் செய்பவரை, அல்லது அச்செயலின் பக்கம் இயல்பாகவே சாய்ந்திருப்பவரைச் சொல்லும். ‘பிபோ’ என்றால் குடிக்கிறேன். ‘பிபுலுஸ்’ என்றால் குடியில் நாட்டமுடையவன். ‘க்ரேதோ’ என்றால் நம்புகிறேன். ‘க்ரேதுலுஸ்’ என்பவன் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் ஏமாளி. ‘கர்ரியோ’ என்றால் பிதற்றுகிறேன்; ‘கர்ருலுஸ்’ என்றால் வாயாடி. ஆகவே ஈற்றை நீக்கிய பின் எஞ்சி நிற்பது பெயரா, வினையா என்று பார்ப்பதே இதற்கான சோதனை. பெயர் என்றால் குறுமை; வினை என்றால் செய்வோன். ‘இன்வொல்வ்’ என்பது வினை. எனவே இன்வொல்வுலுஸ் என்பதன் நேர்ப்பொருள் ‘உள்ளே சுற்றிக்கொண்டே இருப்பது’ என்பதாகும். புழு என்றோ இலை என்றோ சிறியது என்றோ அச்சொல்லுக்குள் ஓர் எழுத்துகூட இல்லை. பெயரிட்டவர்கள் பிராணியைப் பாராமல் அதன் செயலைப் பார்த்தே பெயரிட்டிருக்கிறார்கள்.

தமிழருக்கு இது புதிய செய்தி அன்று. மரங்கொத்தி, மண்வெட்டி, ஆள்காட்டி, தொட்டாற்சுருங்கி என்று வினைப்பகுதியின் மேல் இகர விகுதியை ஏற்றி, செய்யும் செயலால் பொருளுக்குப் பெயரிடுவது நம் மொழியின் அன்றாட வழக்கம். வினைமுதற்பொருளில் வரும் இந்த இகர விகுதி, வினையோடு சேரும் ‘உலுஸ்’ விகுதிக்கு ஏறத்தாழச் சமமானது. மரங்கொத்தி என்னும் சொல்லில் பறவை என்னும் பொருள் இல்லாதது போலவே இன்வொல்வுலுஸ் என்னும் சொல்லில் புழு இல்லை. கேட்பவர் அறிவார் என்னும் நம்பிக்கையில் இரு மொழியும் அதை விட்டுவிடுகின்றன.

மூன்றாம் படி: சொல் வழங்கும் இடத்தைக் காட்சியோடு படிக்க

இச்சொல்லை நாம் அறிவதற்கு முதன்மையான சான்று, கி.மு. 184-இல் மறைந்த பிளாட்டஸ் எழுதிய ‘கிஸ்தெல்லாரியா’ என்னும் இன்பியல் நாடகம். தலைப்பின் பொருள் ‘சிறுபேழை நாடகம்’. பேழைக்குப் பெயர் ‘கிஸ்தா’; ‘கிஸ்தெல்லா’ என்பது சிறுபேழை. உண்மையான குறுமைப்பொருள் விகுதி நாடகத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. நம் சொல்லில் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு முந்தைய படி முழுமையாகத் தெளிந்தது.

காட்சி இதுதான். பிறந்தபோதே கைவிடப்பட்ட ஒரு பெண், தன் உண்மைத் தாயால் அடையாளம் காணப்படுவதற்கு வேண்டிய குழந்தைப் பருவ விளையாட்டுப் பொருள்கள் ஒரு சிறுபேழையில் இருக்கின்றன. ஹாலிஸ்கா என்னும் பணிப்பெண் அப்பேழையைத் தெருவில் தவறவிட்டுவிட்டு, தரையில் தடம் தேடியபடி தனக்குத்தானே புலம்பிக்கொண்டு வருகிறாள். பேழை, தாயாகிய பனோஸ்திராத்தாவின் கையிலும் அவளுடைய அடிமை லம்பாடியோவின் பார்வையிலும் ஏற்கெனவே அகப்பட்டுவிட்டது. அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஹாலிஸ்கா நேராக விடை சொல்லாமல் சுற்றி வளைத்துப் பேசுகிறாள். அப்போது, இன்றைய பதிப்புகளின் எண்ணிக்கைப்படி 728-ஆம் வரியை ஒட்டி, லம்பாடியோ தன் எசமானியிடம் அவளைக் காட்டி, ‘கேடுகெட்ட, நாசம் செய்யும் ஒரு பிராணியைப் போலவே இருக்கிறாள்’ என்கிறான். ‘எந்தப் பிராணி?’ என்று அவள் கேட்க, அவன் சொல்லும் ஒரே சொல் விடை ‘இன்வொல்வொலும்’. அதை அடுத்து அவனே விளக்கமும் தருகிறான்: அது திராட்சைத் தளிரின் இலைக்குள் முறுகிப் புகுந்து தன்னைப் பின்னிக்கொள்ளுமாம், அதே விதமாக இவளும் முறுக்கிய பேச்சு ஒன்றைத் தொடங்குகிறாளாம்.

ஈற்றில் உள்ள ‘உம்’ நம் எண்ணும்மை அன்று. செயப்படுபொருளைக் காட்டும் இலத்தீன் வேற்றுமை உருபு. தமிழ் எழுத்தில் படிக்கும்போது கண் ஒரு கணம் ஏமாறும் என்பதால் சொல்லி வைக்கிறேன். ‘எதைப் போல?’ என்னும் வினாவுக்கு ‘இன்வொல்வுலுஸை’ என்னும் விடை அது.

நான்காம் படி: சுற்றியுள்ள சொற்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க

சொல்லின் பொருளை நிலைநிறுத்துவது அதைச் சுற்றியுள்ள சொற்களே. லம்பாடியோ முதலில் பயன்படுத்தும் ‘பெஸ்தியா’ என்னும் சொல் விலங்கையும் குறிக்கும், புழு பூச்சியையும் குறிக்கும். ஆகவே தமிழில் விலங்கு என்று எழுதாமல் பிராணி என்றோ செந்து என்றோ எழுதுவது பொருந்தும். அதற்கு அடையாக வரும் ‘தம்னிஃபிகா’ என்பது ‘இழப்பை உண்டாக்கும்’ என்னும் பொருளுடையது. வெறும் வசவாக மட்டும் இதைக் கொள்ளக் கூடாது. தோட்டக்காரனின் கணக்கு வழக்கில் வரும் நட்டம் அதற்குள் இருக்கிறது. அரங்கில் அமர்ந்திருந்தவர்களுள் கொடித்தோட்டம் உடையவர்களுக்கு அந்தச் சொல் எங்கே தைத்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இங்கே ஓர் இலக்கண நுட்பமும் உண்டு. இன்வொல்வுலுஸ் ஆண்பால் வடிவச் சொல். ஆனால் அதை விளக்கவரும் ‘எது’ என்னும் இணைப்புச் சொல்லும், ‘முறுக்குண்டு’ என்னும் பொருள் தரும் ‘இன்தொர்தா’ என்னும் எச்சமும் பெண்பால் வடிவில் நிற்கின்றன. முன்னே வந்த ‘பெஸ்தியா’ பெண்பால் என்பதால் பேசுபவனின் மனம் அதிலேயே நிற்கிறது என்பது நேரான விளக்கம். உவமிக்கப்படுபவள் ஒரு பெண் என்பதும் அதற்கு உதவியிருக்கலாம் என்பது என் எண்ணம். தமிழில் இவை அனைத்தும் ‘அது’ என்று அஃறிணையில் ஒடுங்கிவிடுவதால் இந்த நுட்பம் மொழிபெயர்ப்பில் தங்காது.

‘பம்பினுஸ்’ என்னும் சொல்லைச் சிலர் கொடியின் பற்றுக்கம்பி என்று பெயர்க்கிறார்கள். பற்றுக்கம்பிக்கு இலத்தீனில் வேறு சொற்கள் உள்ளன. பம்பினுஸ் என்பது இலையோடு கூடிய இளந்தளிர்க் கிளை. நாடகத்தில் ‘பம்பினுஸின் இலையில்’ என்று தெளிவாகவே வருவதால் பற்றுக்கம்பிக்கு அங்கே இடமே இல்லை.

அடுத்த சொல்லே எனக்கு மிகவும் பிடித்தது. ஹாலிஸ்கா பேச்சைத் ‘தொடங்குகிறாள்’ என்பதற்கு ஆசிரியர் இட்டிருக்கும் வினை ‘எக்ஸோர்திதுர்’. அதன் அடிப்பொருள் தறியில் பாவு ஓட்டுதல், அதாவது நெசவுக்கு நெடுக்கு இழைகளை இடுதல். சொற்பொழிவைத் தொடங்குதல் என்பது அதிலிருந்து கிளைத்த பொருள். இலைக்குள் புகும் புழு தன் வாயிலிருந்து இழை விட்டே இலையை மடக்குகிறது என்பதை அறிந்தவனுக்கு, பாவு ஓட்டுதல் என்னும் சொல் இங்கே தற்செயலாக வந்ததாகத் தோன்றாது. புழுவுக்குச் சொன்ன ‘முறுக்குண்ட’ என்னும் அதே எச்சத்தையே அடுத்த வரியில் பேச்சுக்கும் சொல்லி, ‘முறுக்கிய பேச்சு’ என்று ஆசிரியர் முடிச்சுப் போடுகிறார். தமிழில் இதைக் கொண்டுவருவது கடினம் அன்று. சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உவமித்த நன்னூல் பாயிரம் நம்மிடம் உண்டு. நூல் என்னும் ஒரே சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பெயராக நிற்கிறது. ‘திரிக்கிறாள்’ என்றாலும் கயிறும் பேச்சும் ஒன்றாக நினைவுக்கு வரும்.

ஐந்தாம் படி: எதை எது சுற்றுகிறது என்று கேட்க

இது சிறிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் சொல்லின் பொருள் இதில்தான் முடிவாகிறது. புழு இலையைச் சுருட்டுகிறதா, இலைக்குள் தன்னைச் சுற்றிக்கொள்கிறதா? நடைமுறையில் இரண்டும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களே. புழு இலையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் பட்டிழைகளை மீண்டும் மீண்டும் இட, அவ்விழைகளின் இழுவிசையால் இலை சிறிது சிறிதாக வளைந்து குழலாகிறது. அக்குழலுக்குள் பறவைக்கும் வெயிலுக்கும் மறைந்து அது மேய்கிறது. ஆனால் சொல்லாக்கத்தில் இரண்டும் வேறு வேறு. ‘இன்வொல்வோ’ என்றால் ஒன்றை மற்றொன்றுக்குள் வைத்துப் பொதிதல். நாடகத்திலும் ‘இம்ப்ளிகத் சே’, அதாவது ‘தன்னைப் பின்னிக்கொள்கிறது’ என்றே இருக்கிறது. பொதியப்படுவது புழு, பொதிவது இலை.

இதற்கு மாறாக, அதே வினைப்பகுதியின் முன் ‘ஒன்றுசேர’ என்னும் பொருளுடைய முன்னொட்டை இட்டு ஆக்கிய ‘கொன்வொல்வுலுஸ்’ என்னும் மற்றொரு பெயரும் இலத்தீனில் உண்டு. அதில் ஓரங்களைச் சேர்த்துச் சுருட்டும் செயல் முன்னே நிற்கிறது. ஆகவே தமிழில் ‘இலைச்சுருட்டி’ என்பதைக் கொன்வொல்வுலுஸுக்கு விட்டுவிட்டு, இன்வொல்வுலுஸை ‘இலைக்குள் சுற்றிக்கொள்ளும் புழு’ என்று பெயர்ப்பதே சரி என்பது என் முடிவு. அகராதிகள் இரண்டையும் ஒன்றுபோல் விளக்குகின்றன. பயன்பாட்டளவில் அது போதும். ஆனால் லம்பாடியோவின் கேலி தன்னை ஒளித்துக்கொள்பவளைப் பற்றியது, இலையைக் கெடுப்பவளைப் பற்றியது அன்று. கொன்வொல்வுலுஸ் என்று மாற்றி வைத்தால் கேலியின் கூர் மழுங்கிவிடும்.

ஆறாம் படி: அதே புழுவுக்கு உரோமர்கள் இட்ட பிற பெயர்களோடு ஒப்பிடுக

நாடகத்தில் கேலியாக வந்த புழு, வேளாண் நூல்களில் கவலையாக வருகிறது. உரோம அரசியலாளர் கேட்டோ கி.மு. 160-ஐ ஒட்டி எழுதிய வேளாண்மை நூலில் 95-ஆம் பகுதி ‘திராட்சைத் தோட்டத்தில் கொன்வொல்வுலுஸ் இல்லாதிருக்க’ என்று தொடங்குகிறது. அதன் செய்முறை இது: ஆலிவ் எண்ணெயிலிருந்து பிரியும் கறுத்த கசடு நீரைத் தெளிவித்து, 2 கொங்கியுஸ், அதாவது ஏறத்தாழ 6.5 லிட்டர் அளவு வெண்கலப் பாத்திரத்தில் ஊற்றி, இளந்தீயில் வைத்துத் தேன் பதம் வரும்வரை கிளறிக் காய்ச்ச வேண்டும். நிலக்கீலையும் கந்தகத்தையும் தனித்தனியே உரலில் பொடித்து, சூடான அக்கலவையில் தூவி, மீண்டும் திறந்த வெளியில் காய்ச்ச வேண்டும். கூரைக்குக் கீழே காய்ச்சினால் தீப்பற்றிக்கொள்ளும் என்று எச்சரிக்கும் அந்த ஒரு வாக்கியத்தில், யாரோ ஒருவர் கூரையை இழந்த கதை ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும். பறவை பிடிக்கும் பசையின் பதத்துக்கு வந்ததும் ஆறவிட்டு, கொடியின் தலைப்பகுதியைச் சுற்றியும் கிளைகளின் அக்குளிலும் பூசினால் அப்புழு தோன்றாது என்று கேட்டோ முடிக்கிறார்.

சொல்லாய்வுக்கு இதனால் என்ன பயன் என்றால், மருந்து பூசும் இடம் புழுவின் வாழ்க்கையைக் காட்டிக் கொடுக்கிறது. இலையில் வாழும் புழுவுக்கு இலையில் தெளிக்காமல் தண்டின் தலையிலும் கிளைப் பிரிவிலும் பூசச் சொல்வதானால், அது அங்கிருந்துதான் ஏறி வருகிறது, அல்லது அங்கே தங்குகிறது என்று கொடிக்காரர்கள் கண்டிருக்க வேண்டும். ஐரோப்பியத் திராட்சையின் இலைகளைப் பின்னும் ஸ்பர்கனோதிஸ் பில்லெரியானா என்னும் அந்துப்பூச்சியின் இளம்புழுக்கள் பட்டையின் இடுக்குகளில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பொஜோலே பகுதியில் இதே புழு பெருங்கேடு விளைவித்தபோது, பெனுவா ரக்லே என்பவர் குளிர்காலத்தில் கொடித்தண்டின் மேல் கொதிநீர் ஊற்றும் முறையைக் கண்டதும் அதே உண்மையைக் கொண்டுதான். கேட்டோ சொன்னது இந்த இனத்தையேதான் என்று உறுதி கூற இயலாது. நோய்க்குறிகள் ஒத்துப்போகின்றன என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உரோம வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லாவின் பெயரால் வழங்கும் மர வளர்ப்பு நூலில் இளந்தளிரையும் பிஞ்சுக் குலையையும் கடிக்கும் ‘வொலுக்ரா’ என்னும் பிராணி வருகிறது. பறப்பதைக் குறிக்கும் சொல்லோடு வடிவத்தில் ஒத்திருந்தாலும், இதையும் அகராதிகள் ‘வொல்வோ’ என்னும் வினையிலிருந்தே வருவிக்கின்றன. அதற்கு அந்நூல் சொல்லும் மருந்து, கவாத்து முடிந்ததும் அரிவாளில் கரடியின் இரத்தம் தடவுவது, அல்லது கத்தியைத் தீட்டும்போதெல்லாம் நீர்நாய் போன்ற பீவரின் தோலால் அலகைத் துடைப்பது. இதே மருந்துகளை இயற்கை பற்றிய பெருநூல் எழுதிய உரோமர் பிளினியும் சொல்கிறார். கேட்டோவின் நிலக்கீலுக்குப் பின் இதைப் படிப்பவர், இரண்டு நூற்றாண்டுகளில் மருத்துவம் முன்னே போயிற்றா பின்னே போயிற்றா என்று கேட்டுக்கொள்ளலாம். கிரேக்கர்களோ இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள்: கொடியைத் தின்னும் ‘இப்ஸ்’ என்னும் புழுவைக் கொன்றதற்காக எரித்ரே நகர மக்கள் ஹெராக்ளிஸ் என்னும் புராண வீரனை ‘இப்ஸைக் கொன்றவன்’ என்னும் பெயரில் வழிபட்டதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார்.

ஏழாம் படி: பிற்காலத்துப் பெயர்களின் பொறிகளைத் தவிர்க்க

பிளினியின் நூலில் ‘கொன்வொல்வுலுஸ்’ என்பது புதர்களில் படரும் ஒரு வெள்ளைப் பூங்கொடிக்கும் பெயராக வருகிறது. அல்லிமலரைப் படைக்கக் கற்றுக்கொண்டிருந்தபோது இயற்கை எழுதிப் பழகிய முதற்பாடம் போன்றது அப்பூ என்று அவர் சொல்கிறார். உயிரினங்களுக்கு அறிவியற்பெயர் இடும் முறையை வகுத்த லின்னேயஸ் அப்பெயரைத் தாவரத்துக்கே நிலைப்படுத்தியதால், இன்று கொன்வொல்வுலுஸ் என்றால் கொடிதான், புழு மறக்கப்பட்டுவிட்டது. ‘அக்ரியஸ் கொன்வொல்வுலி’ என்னும் பெரிய பருந்து அந்துப்பூச்சியின் பெயரைக் கண்டு அதன் புழு இலையைச் சுருட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. அக்கொடியின் இலையைத் தின்பதால் வந்த பெயர் அது.

இந்த இடத்தில் நம் ஊர்ச் செடி ஒன்றும் வந்து சேர்கிறது. விஷ்ணுகிராந்தியின் தாவரவியல் பெயர் ‘எவொல்வுலுஸ் அல்சினாய்டிஸ்’. அதே வினைப்பகுதி, அதே விகுதி. முன்னொட்டு மட்டும் ‘வெளியே’ என்னும் பொருளுடையது. தன் உறவுக்கொடிகளைப் போலப் பற்றிச் சுற்றாமல் தரையில் படர்வதால், ‘சுருள் அவிழ்ந்தது’ என்று லின்னேயஸ் பெயரிட்டார். உள்ளே சுற்றுவது, சேர்த்துச் சுருட்டுவது, சுருள் அவிழ்வது என்று மூன்று பெயர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் முன்னொட்டின் வேலை விளங்கிவிடும். சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் அடங்கிய ‘இபோமியா’ என்னும் பேரினப் பெயரும் முன்னே கண்ட ‘இப்ஸ்’ என்னும் கிரேக்கப் புழுவின் பெயரிலிருந்து, ‘புழுவைப் போன்றது’ என்னும் பொருளில் ஆக்கப்பட்டதுதான். புழுவும் கொடியும் இம்மொழிகளில் பெயரை மாற்றி மாற்றி அணிந்துகொள்கின்றன.

இலைச்சுருட்டி அந்துகளின் குடும்பத்துக்கு இன்று வழங்கும் பெயர் ‘தொர்த்ரிசிடே’. இது ‘தொர்த்ரிக்ஸ்’, அதாவது ‘முறுக்குபவள்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. 1758-இல் லின்னேயஸ் இப்பிரிவை அமைத்தபோது, இதில் அடங்கிய இனங்களின் பெயர்கள் ‘ஆனா’ என்று முடியும்படி வகுத்தார். கருவாலி இலையைச் சுருட்டும் ‘தொர்த்ரிக்ஸ் விரிதானா’ அதற்கு எடுத்துக்காட்டு. இச்சொல்லின் ஆண்பால் வடிவமாகிய ‘தொர்தொர்’ என்பதற்கு உரோமில் சித்திரவதை செய்பவன் என்று பொருள். பூச்சியியலார் அதை நினைவில் கொண்டார்களோ இல்லையோ, திராட்சைத் தோட்டக்காரர்கள் மறுக்கமாட்டார்கள்.

‘இன்வொல்வுலுஸ்’ என்னும் பெயருக்குக் கிடைத்த மறுவாழ்வுதான் விந்தையானது. ஷ்ராங்க் என்னும் இயற்கையியலார் 1798-இல் அதை ஒரு கூன்வண்டுப் பேரினத்துக்குப் பெயராக இட்டார். இவ்வண்டுகளின் உறவினமாகிய ‘பிக்டிஸ்கஸ் பெட்டுலே’ திராட்சையிலையைச் சுருட்டு போலச் சுருட்டி அதற்குள் முட்டையிடும். ஆனால் அங்கே சுருட்டுவது தாய்வண்டு. புழு பிறக்கும்போதே வீடு கட்டி முடிந்திருக்கும். தன்னைத் தானே பின்னிக்கொள்ளும் லம்பாடியோவின் பிராணிக்கு அது பொருந்தாது. ஆகவே இலத்தீன் நாடகத்தைப் படிப்பவர் இணையத்தில் இப்பெயரைத் தேடி வண்டின் படத்தைக் கண்டால், அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

எட்டாம் படி: தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்க

நம் உழவர்கள் ‘இலைச்சுருட்டுப் புழு’ என்றதும் நெல் வயலைத்தான் நினைப்பார்கள். இலையின் இரு ஓரங்களையும் நீளவாக்கில் சேர்த்துப் பின்னி, உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டி, வெள்ளைக் கோடுகளை விட்டுச் செல்லும் புழு அது. தொர்த்ரிசிடே குடும்பத்தைச் சேர்ந்ததும் அன்று. நிலக்கடலையில் ‘சுருள்பூச்சி’ என்று சொல்லப்படுவது மேலும் வேறொரு குடும்பம். ஆகவே அடையின்றி இலைச்சுருட்டுப் புழு என்று எழுதினால் உரோமத் தெருவில் நெல்வயல் முளைத்துவிடும். ‘திராட்சை’ என்னும் அடை அவசியம். கம்பளிப்பூச்சி என்பதும் ஆகாது. உடலெங்கும் மயிர் போர்த்திய புழுவுக்கு உரிய பெயர் அது. இலைக்குள் ஒளியும் இவ்வகைப் புழுக்கள் வழவழப்பானவை.

இத்தனையும் கடந்து நான் எழுதிய அகராதிப் பதிவு இது: ‘இன்வொல்வுலுஸ், பழைய வடிவம் இன்வொல்வொலுஸ். ஆண்பாற் பெயர். “உள்ளே சுற்றிப் பொதி” என்னும் வினையடியாகப் பிறந்தது. செய்வோன் பொருள் விகுதி. திராட்சையிலைக்குள் இழை விட்டுத் தன்னைச் சுற்றிக்கொள்ளும் புழு. நாடகத்தில், சுற்றி வளைத்துப் பேசுபவளுக்கு உவமை.’

நாடக வரிகளைப் பெயர்க்கும்போது மேலும் ஒரு குறிப்பு தேவை. எசமானி தன் கேள்வியில் ‘அமாபோ’ என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறாள். ‘நான் அன்பு செய்வேன்’ என்பது அதன் எழுத்துப்பொருள். பிளாட்டஸின் நாடகங்களில் பெரும்பாலும் பெண்களே கெஞ்சலாகவும் செல்லமாகவும் சொல்லும் சொல் அது. அதைத் ‘தயவு செய்து’ என்று பெயர்த்தால் அலுவலகக் கடிதம் போலாகிவிடும். என் பெயர்ப்பு இப்படி அமைந்தது:

லம்பாடியோ: இவளைப் பாருங்கள் அம்மா, நாசம் பண்ணுகிற அந்தக் கேடுகெட்ட செந்து போலவே இருக்கிறாள்.

பனோஸ்திராத்தா: எதைச் சொல்கிறாய்? சொல்லேனப்பா.

லம்பாடியோ: திராட்சைத் தளிரிலே முறுகிப் புகுந்து இலைக்குள் தன்னைப் பின்னிக்கொள்ளுமே, அந்தப் புழுவைத்தான். இவளும் அப்படித்தான், முறுக்கு முறுக்காகப் பேச்சுக்குப் பாவு ஓட்டுகிறாள்.